பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் கை

அந்த வண்டியின் இரண்டு பக்கமும் தக்காளிப் படம் போட்டிருக்கும். முன்னொரு காலத்தில் காய்கறி ஏற்றின வண்டி. வாங்கினவர்கள் நினைத்திருந்தால் ஒரே நாளில் வெள்ளையடித்து, படுக்கை நோயாளிகளுக்கு இலவசச் சலவை என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கலாம். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அதனால் வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் நாலு பெண்கள் வாசலுக்கு வந்து தக்காளி என்ன விலை என்று கேட்பார்கள். வண்டிக்காரரும் சளைக்காமல், "இன்னைக்குச் சரக்கு வரலம்மா" என்பார். வருஷக்கணக்காகச் சரக்கு வராத வண்டிக்கு எவன் பெட்ரோல் போடுகிறான் என்று ஒருத்தியாவது யோசிக்க வேண்டுமே, கிடையாது.

உள்ளே இருந்த சரக்கே வேறு. பக்கவாதத்தில் விழுந்தவர்கள், இடுப்பு ஒடிந்தவர்கள், எழுந்து நடக்கிற காலம் முடிந்துபோனவர்கள், இவர்களுடைய படுக்கை விரிப்புகள். நனைந்தது வண்டியில் ஏறும். துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் வீட்டுக்குத் திரும்பும். ஆஸ்பத்திரி வார்டில் ஆயுசுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் ஆரம்பித்து வைத்த அறக்கட்டளை அது. எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். "படுத்துக் கெடக்கறவங்களுக்குப் புண்ணு வர்றது ஈரத் துணியால. வீட்டுல இருக்கறவங்களுக்குள்ள சண்டை வர்றதும் அதே ஈரத் துணியாலதான்" என்பார்.

சிஸ்டர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார்கள் என்பது வெளியே தெரியக் கூடாது. மூட்டையில் பேர் எழுதக் கூடாது. விரிப்பின் மூலையில் வீட்டுக்கு ஒரு நிறமாக நூல் முடிச்சு. அது எந்த வீடு என்று வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். வாசலில் நின்று நலம் விசாரிக்கக் கூடாது. கடைப் பையில் போட்டுக் கொடுப்பார்கள், கடைப் பையிலேயே திரும்பிப் போகும். இதை நம்பித்தான் வீடுகள் கதவைத் திறந்தன. திறக்காத கதவெல்லாம் திறந்தது.

சின்னவள் அங்கே இஸ்திரி போடுகிறவள். வீட்டில் இரண்டாவது பிள்ளை, அதனால் சின்னவள். நாற்பதைத் தாண்டின பிறகும் சின்னவள்தான். வேலை என்றால் லேசான வேலை இல்லை. முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், எடுத்த எடுப்பில் சுடுதண்ணீர் விட்டால் கறை துணியோடு குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். அப்புறம் மெஷின், அப்புறம் கொடி. மழைக்காலத்தில் கொடியில் ஒன்றும் காயாது; உலர்த்துகிற மெஷினில் ஒரு சுற்று விட்டாலும் அரைகுறை ஈரத்தோடுதான் அவள் மேஜைக்கு வரும். பெட்டியை வைத்தால் குபுக்கென்று ஆவி எழும்பும். அந்த ஆவியில் எந்த வீட்டில் என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்பதுகூட மூக்குக்குத் தெரிந்துவிடும். பச்சை நூல் முடிச்சு அவள் வீட்டுடையது. அதற்கென்று ஒரு தேய்ப்பு கூடுதலாகப் போட மாட்டாள். வேலையில் அவ்வளவு சுத்தம்.

பச்சை நூல் விரிப்பில் கிடந்தவர் அவளுடைய அப்பா, டவுன் பஸ் கண்டக்டர். ஊருக்கு அவர் "ரைட்டு". கடைசிப் படியில் நின்று அவர் "ரைட்" என்று ஒரு சத்தம் போட்டால், பஸ் மட்டுமில்லை, எதிர்த்தாற்போல் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவனும் எழுந்து நடையைக் கட்டுவான் என்பார்கள். ரிட்டயர் ஆன கொஞ்ச நாளில் குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. ஒன்றிரண்டு சொல், அதுவும் வாயின் ஒரு ஓரத்தால். தன்னை யாரும் இப்படிப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் அந்த ஒரு ஓரத்தாலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். "யாரும்… வேணாம்." அதனால் கேட்கிறவர்களிடமெல்லாம் அவர் வெளியூரில் மூத்த பிள்ளை பெரியவன் வீட்டில் ராஜா மாதிரி இருக்கிறார் என்று சொல்லி வந்தார்கள். மூன்று மழைக்காலமாக அந்தப் பொய் ஓட்டை விழாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டை போட்டது சின்னவளேதான்.

இந்த வருஷ மழையில் துணி உலர்த்துகிற மெஷின் நின்றுபோனது. மேஜையில் ஈர விரிப்புகள் தோள் உயரத்துக்கு ஏறிவிட்டன. சிஸ்டர் ஒரு மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மெக்கானிக் பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமாம்மா? இதுக்குச் செலவு பண்றதுக்கு இதையே எரிச்சு அதுல துணி காயப் போடுங்கன்னுட்டுப் போறான்."

"யார்கிட்டயாவது கேட்டுப் பாத்தீங்களா சிஸ்டர்?"

"கேக்காத ஆளில்ல. ஜவுளிக் கடை முதலாளிகிட்டப் போனேன். டீ குடுத்தாரு, பிஸ்கட் குடுத்தாரு, பையைத் தவிர எல்லாத்தையும் தொறந்தாரு. 'இத்தனை வருஷமா நடத்துறேங்கறீங்க, இந்த ஊர்ல ஒருத்தர் வாயிலகூட உங்க பேரு வந்ததில்லையேம்மா'ங்கறாரு. பேரு வரக் கூடாதுங்கறதுதாங்க எங்க வேலையேன்னேன். சிரிக்கிறாரு."

"அப்ப நாம ஒழுங்கா இருந்ததுதான் தப்பா?"

"ஒழுங்கா இருந்ததாலதான் வீடுங்க நம்புச்சு. அதே ஒழுங்கால ஊருக்கு நம்மளத் தெரியல. அந்த நாய்களுக்குச் சோறு போடறவங்களப் பாரு, ஒரு நாய்க்குக் கட்டுப் போட்டா நாலு தெருவுல பேனர். நான் குறை சொல்லல, அவங்களும் நல்லாத்தான் செய்யறாங்க. ஆனா ஊரு பாக்கறதுக்குத்தான் குடுக்குது. நாம காட்டறதுக்கு என்ன வெச்சிருக்கோம்? தக்காளிதான் வெச்சிருக்கோம்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு படம் போதும்மா. முகம் வேணாம், பேரு வேணாம். பஸ் ஸ்டாண்டுல ஒரு பேனர் வெச்சா போதும். ஒவ்வொரு வீடாக் கேட்டேன். ஒரு வீட்டுல, 'உங்கள நம்பினதுக்கு இதுவும் கேப்பீங்க, இன்னமும் கேப்பீங்க'ன்னாங்க. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல ஆயிருச்சு. இந்த மாசத்தோட வண்டிய நிறுத்திடலாம்னு பாக்கறேன்."

வண்டி நின்றால் சின்னவளுக்கு வேலை போகும். அதைவிட, விடிந்ததும் அப்பாவின் விரிப்போடு வீட்டுக் குழாயடியில் மல்லுக்கட்டின பழைய நாட்கள் திரும்பி வரும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அவள் வாயைத் திறக்க வைத்தது இதுவும் இல்லை. சிஸ்டர் தன்னை ஒருமுறை பெருமையாகப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். அந்த ஆசையில்தான் சொன்னாள்.

"எங்க வீட்டுல எடுத்துக்குங்க சிஸ்டர். கைய மட்டும் எடுங்க. கையப் பாத்து யாருக்கு என்ன தெரியப் போகுது?"

சிஸ்டர் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பா ஒத்துக்குவாராம்மா?"

"நான் சொன்னா ஒத்துக்குவாரு."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் பழைய இரும்புக் கடையில் எடை போடுகிறவர். பேச்சையும் எடை போட்டுத்தான் போடுவார்.

"மாமாகிட்டக் கேட்டியா?"

"கை மட்டும்தாங்க. அவரு தூங்கறப்ப எடுத்தாப் போதும்."

"கேட்டியான்னு கேட்டேன்."

"கேட்டா வேணாம்பாரு."

"வேணாம்பாருன்னு தெரியுதுல்ல? அப்பறம் என்ன?"

"உங்களுக்கு என்ன, ஒரு நாளாவது அந்தத் துணிய அலசியிருக்கீங்களா?" என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஜெயித்துவிட்டதாக அவளுக்கு நினைப்பு.

மறுநாள் மத்தியானம் அப்பா கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் சிஸ்டர் வந்தார். அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார் என்று சின்னவள் சொல்லியிருந்தாள். வெளியே மழை. சின்னவள் புதிதாக இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பை மெல்ல அவருக்குக் கீழே நுழைத்தாள். வலது கையை எடுத்து மேலே வைத்தாள். உணர்ச்சி இல்லாத கை, வைத்த இடத்தில் கிடந்தது. சிஸ்டர் போனில் எடுத்தார். மோதிர விரலில் மேல்கணு இல்லாதது சின்னவள் கண்ணில் படவே இல்லை. வாலிபத்தில் பஸ் கதவில் சிக்கிப் போன கணு. பிறந்த நாளிலிருந்து அந்த விரலைப் பிடித்து நடந்தவளுக்கு அது வெறும் கை. குறை உள்ள கை என்று நினைத்ததே இல்லை.

பேனர் அழகாகத்தான் வந்திருந்தது. வெள்ளை விரிப்பு, அதன்மேல் ஒரு முதிய கை, கீழே "இந்தக் கைக்கு ஒரு சுத்தமான விரிப்பு வேண்டும்" என்று எழுத்து. பஸ் ஸ்டாண்டில், வரிசையில் நிற்கிறவர்கள் வேறெங்கும் பார்க்க முடியாத இடத்தில் கட்டினார்கள்.

அதிலிருந்து சிஸ்டரின் போன் ஓயவில்லை. ஜவுளிக் கடை முதலாளி தானே நேரில் வந்து, புதிய மெஷினுக்கு ஆகும் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார். காலேஜ் பிள்ளைகள் உண்டியல் குலுக்கினார்கள். டவுன் பஸ் தொழிலாளிகள் மொத்தமாகத் திரட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிஸ்டர் ஆளுக்கு ஆள், "எல்லாம் சின்னவளாலதான்" என்று சொன்னார். அவளுக்குக் காலே தரையில் பாவவில்லை. பஸ் தொழிலாளிகள் ஏன் இவ்வளவு உருகுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். திறந்தால் "ஸ்டியரிங்". அப்பாவோடு ஒரே பஸ்ஸில் காலமெல்லாம் டிரைவராக ஓட்டினவர். கையில் ஆப்பிள் பை, கண்ணில் தண்ணீர்.

"எங்க அவன்?"

"அண்ணன் வீட்டுலதான் மாமா இருக்…"

"பொய் சொல்லாத தாயி. அவன் கை பஸ் ஸ்டாண்டுல தொங்குது. எனக்கா அடையாளம் தெரியாது? ஊருல குழந்தைக்குக்கூடத் தெரியும். ரைட்டு மூஞ்சிய எவன் பாத்தான்? கூட்டத்துல சில்லறை வாங்கறவன் கையத்தானே பாப்பான்! டிப்போவே பேசுது."

அவள் குறுக்கே நிற்பதற்குள் அந்த மனுஷன் உள்ளே போய்விட்டார். அப்பா மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு வெளி மனுஷர் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"டேய் ரைட்டு! என்னைப் பாருடா. எங்கிட்ட என்னடா உனக்கு வெக்கம்? பிரேக்கு பிடிக்காத வண்டியில மலையிறக்கத்துல ஒண்ணா வந்தோமேடா. பேனர்ல உன் கையப் பாத்துட்டு நான் நடு ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு அழுதேன்டா. பின்னால ஒருத்தன் ஹாரன் அடிச்சான், அவனையும் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். பாத்துட்டு அவனும் அழுதான்!"

நல்ல மனுஷன்தான். ஒவ்வொரு சொல்லும் அன்பில் வந்ததுதான். அதனால்தான் அவரை நிறுத்தவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு விரிப்பு நனைந்தது. அறையெல்லாம் வாடை. ஸ்டியரிங் பேச்சை நிறுத்தினார், ஆப்பிள் பையைத் தரையில் வைத்தார், மூக்கைத் துடைக்கிற சாக்கில் துண்டை எடுத்து வைத்துக்கொண்டார். "வரேன்டா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சின்னவள் விரிப்பை மாற்றும்போது அப்பா அவளையே பார்த்தார்.

"யாரு… எடுத்தது?"

உள்ளதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அடித்தா போடப் போகிறார், அடிக்க ஒரு கைதான் உண்டு, அதுவும் தூக்கினால் நடுங்கும்.

"சிஸ்டர்தாம்பா. நான் இல்லாதப்ப வந்து எடுத்திருக்காங்க. எனக்கே தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார். இடது கையால் அவள் முழங்கையைத் தடவிக் கொடுத்தார். பாவம், பெண்ணும் ஏமாந்துவிட்டாளே என்று நினைத்தாரோ என்னவோ. அந்தத் தடவலில் அவள் உடம்பு கூசிப்போயிற்று. ஓடிப்போய்க் குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அப்புறம் வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பழைய பிரயாணிகள், டிப்போ ஆட்கள், பக்கத்துத் தெரு. ஆப்பிளும் ரொட்டியும் குவிந்தன. "பெரியவன் வீட்டுல இருக்காருன்னீங்களே?" என்று கேட்காதவர்கள் இல்லை. அப்பா கஞ்சியைக் குறைத்துக்கொண்டார், தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். உதடு வெடித்துப்போயிற்று. எவ்வளவு கெஞ்சியும் ஒரு வாய்க்கு மேல் வாங்கவில்லை.

சின்னவள் சில நாளாக வேலைக்குப் போகாததால், இது ஒன்றும் தெரியாமல் சிஸ்டர் ஒரு நாள் சாயந்திரம் முகம் மலர வந்து நின்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். சின்னவள் கதவோரம் நின்று கண்ணால் என்னென்னவோ ஜாடை காட்டினாள். சிஸ்டர் அதைப் பார்க்கவே இல்லை.

"பெரியவரே, புது மெஷின் வந்துருச்சு. மழை பேஞ்சாலும் இனிமே துணி காஞ்சுரும். உங்க கையாலதான் எல்லாம். நீங்க பெத்த பொண்ணுக்கு என்ன மனசு! ஊருல ஒரு வீடு குடுக்கலியே, இவதான் தானா முன்வந்து, எங்கப்பா கைய எடுத்துக்குங்கன்னா. நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு."

அப்பா சிஸ்டரைப் பார்க்கவில்லை, சின்னவளைப் பார்த்தார். கோபம் என்று ஒன்று அந்தப் பார்வையில் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இல்லை. டிக்கெட் வாங்கிவிட்டேன் என்று பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனை, கூட்டத்தில் மானத்தை வாங்க வேண்டாம் என்று விட்டுவிடுகிற பார்வை. அவளுக்குத் தரையில் கால் ஊன்ற இடம் இல்லை.

சிஸ்டருக்கு மெல்லப் புரிந்தது. "நீ… கேக்கலியா?" என்றார்.

"இல்ல சிஸ்டர்."

சிஸ்டர் எழுந்து வெளியே போனார். வாசலில் நின்று, குரலை அடக்கிக்கொண்டு பேசினார். "இன்னைக்கே பேனரைக் கழட்டச் சொல்றேன். தப்பு உன் மேல மட்டுமில்ல. நான் அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். வார்டுல ஊசி போடறதுக்கே கேட்டுட்டுத்தான் போடுவேன். படம் நல்லா வரணுங்கறதுல கேக்கத் தோணல பாரு. எனக்கும் புத்தி எங்கயோ போயிருச்சு."

"மத்த வீடுங்க?"

"ஏழு வீடு நிறுத்திட்டாங்க. இங்கயாவது சந்தோஷமா ஒரு சேதி சொல்லலாம்னுதான் சிரிச்சுக்கிட்டு வந்தேன். வண்டிய வாசல்ல நிக்க விட மாட்டேங்கறாங்க. நாளைக்கு எங்க வீட்டுக் காலும் பஸ் ஸ்டாண்டுல தொங்குமான்னு வண்டிக்காரரக் கேட்டாங்களாம். மெஷின் இருக்கு. போடத் துணி இல்ல." சிஸ்டர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேரு வாங்கியாச்சு. போதும்."

பேனரைக் கழற்றினார்கள். கழற்றினதால் யார் கண்ணிலிருந்து எது கழன்றது?

பெரியவன் விஷயம் கேள்விப்பட்டு வந்து இறங்கினான். வாசல் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினான்.

"என் மானம் மரியாதையெல்லாம் போச்சு. ஆபீஸ்ல நம்ம ஊர்க்காரன் ஒருத்தன், 'உங்கப்பா உங்க வீட்டுலதானே இருந்தாரு, இங்க எப்பிடி அனாதையாக் கெடக்கறாரு'ன்னு போட்டோவ அனுப்பிக் கேக்கறான். அனாதைங்கறான்! அப்பாவை வெச்சு ஒரு நிறுவனம் பிழைக்கணுமா?"

"மூணு வருஷத்துல எத்தனை தடவை வந்து பாத்தேண்ணே நீ?"

"பணம் அனுப்பினேன்ல?"

"துணி அலசினியா?"

"சரிம்மா, நீயே அலசின. அலசிட்டுக் கொடியில போட்டுருக்கலாம். பஸ் ஸ்டாண்டுல ஏன் போட்ட?"

அண்ணன் சொன்னதில் அந்த ஒன்று நியாயமாக இருந்தது. அதுதான் வலித்தது.

பெரியவன் கட்டிலருகே போனான். "அப்பா, எங்கூட வந்துடறீங்களா? அங்க யாருக்கும் உங்களத் தெரியாது."

சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தாள். இங்கேதான் பிறந்தார், இங்கேதான் ஓடினார், இந்த ஊரில் அவருக்குத் தெரியாத மேடு பள்ளம் கிடையாது.

"போறேன்" என்றார் அப்பா. கேட்டு வாய் மூடுவதற்குள் சொன்னார்.

மறுநாள் ஆம்புலன்ஸ் வந்தது. தெரு குறுகல்; தெருமுனையோடு நின்றுவிட்டது. வீட்டிலிருந்து அதுவரைக்கும் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மழை விட்டு நல்ல வெயில். இத்தனை நாள் ஈரத்துக்குப் பிறகு தெரு முழுக்க வாசலில் நின்றிருந்தது. அப்பா வாசல்படி வரைக்கும் சும்மா வந்தார். வெளிச்சம் முகத்தில் பட்டதும் இடது கையால் சின்னவளின் சேலையைப் பிடித்தார்.

"மூடு."

"என்னப்பா?"

"மூஞ்சி… மூடு."

"ஐயோ, அப்பிடியெல்லாம் மூடக் கூடாதுப்பா. ஆளுங்க என்ன நெனப்பாங்க?"

"மூடு" என்றார். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. அந்த மனுஷன் அவளிடம் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

அவள் மூடினாள். நெற்றிக்கு மேல் வரைக்கும் விரிப்பை இழுத்துவிட்டாள்.

பெரியவனும் அவள் புருஷனும் முன்னால் பிடித்தார்கள், ஆம்புலன்ஸ்காரர்கள் பின்னால். தெருவில் பேச்சு நின்றது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி ஒதுங்கி நின்றார். கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். நாலு பேர் தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டுக் கும்பிட்டார்கள். ஒரு அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சின்னவளிடம் ஓடி வந்தார்.

"எப்பம்மா? ராத்திரியா?"

தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம். இந்தத் தெருவுக்கு அவர் செத்தவராகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதைத்தானே அவரும் கேட்கிறார் என்றுகூட சின்னவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் இன்னொரு பொய்யை அவர் தலைமாட்டில் நின்று சொல்ல அவளால் ஆகவில்லை.

"உயிரோடதான்க்கா இருக்காரு" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது, தெருவுக்கே கேட்டது. "உங்க முகத்துல முழிக்க வெக்கப்பட்டு மூடச் சொல்லியிருக்காரு. நான்தான் அவர அப்பிடிப் பண்ணிட்டேன்."

கும்பிட்ட கைகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவராக அவற்றைக் கீழே விட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சர் தாண்டும் வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.